முன்பக்கம் பார்க்கப் போன கொளஞ்சியம்மாள்

“அந்த வெளிச்சம் எங்கருந்து வருது, வினோதினி?” என்று கொளஞ்சியம்மாள் கேட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ஏப்ரல் கடைசி வாரம், பொழுது சாய்ந்த நேரம். குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வரவேற்பில் வேலை பார்க்கும் வினோதினி அப்போதுதான் மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தாள். எதிர் வீட்டுக் கொளஞ்சியம்மாள் கையில் பால் பாக்கெட்டுடன் ரோட்டோரம் நின்று, உப்பளங்களுக்கு அப்பால் தெற்கு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே நீலமாக ஓர் ஒளிக்கற்றை சாய்ந்தது, நிமிர்ந்தது, பச்சையாக மாறி மறுபடி சாய்ந்தது.

“கீழ்புத்துப்பட்டு தாண்டி தீம் பார்க் கட்டியிருக்காங்க இல்ல அத்தை, அங்கருந்துதான். சாயங்காலம் ஷோ நடக்குது.”

“ஷோன்னா?”

“தண்ணிய மேல பீச்சி அடிப்பாங்க. அதுல லைட்டு, பாட்டு எல்லாம்.”

“நீ பாத்திருக்கியா?”

“இல்ல.”

“தெனம் அத தாண்டித்தான பஸ்ஸுல வர்ற?”

“தாண்டி வர்றேன். எறங்கினதில்ல.”

கொளஞ்சியம்மாள் பால் பாக்கெட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். “ரெண்டு வருஷமா நானும் பாக்கறேன். நமக்குத் தெரியறது அதோட முதுகுதான். முன்பக்கம் எப்படி இருக்கும்? உன் போனக் கேளேன்.”

வினோதினி போனை எடுத்துத் தேடினாள். போய்விட்டு வந்தவர்கள் எழுதிய ரிவ்யூக்கள் வரிசையாக வந்தன. எல்லாம் ஆங்கிலத்தில். ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். ஒருவர் அருமை என்றிருந்தார். ஒருவர் சுமார். இன்னொருவர், லீவு நாளில் மட்டும் போகாதீர்கள், மணிக்கணக்கில் நின்று கடைசியில் முன்னால் இருப்பவர்களின் தலையைத்தான் பார்த்தோம் என்றிருந்தார்.

“அப்ப எப்ப போனா கூட்டம் இருக்காதாம்?”

“செவ்வாய், புதன்ல காலியா இருக்குமாம்.”

“செவ்வாக்கெழம எனக்கு யாரு லீவு குடுப்பா?” என்று கொளஞ்சியம்மாள் சிரித்தாள். “ஊருக்கு லீவு வுட்டாத்தான் எனக்கும் லீவு. எனக்கு லீவுன்னா கூட்டமும் கூடவே வரும். சரி, மே தினத்துக்கு வேன் வருதில்ல? நான் பேசறேன்.”

பேசவும் செய்தாள். மே தினத்தன்று உப்பள முதலாளி தன்னிடம் வேலை செய்பவர்களுக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்வார். வருஷா வருஷம் அது பாண்டிச்சேரி பீச்சுக்குப் போய்த் திரும்பும். “கடலப் பாக்க கடலோரத்துலருந்து வேன் எதுக்குய்யா?” என்று கொளஞ்சியம்மாள் முதலாளியின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். அவரும் யோசித்துப் பார்த்துச் சரி என்றார்.

அவள் அப்படித்தான். பெரிய முதலியார்சாவடியிலிருந்து மரக்காணத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். உப்பளத்துக்குப் போன முதல் நாள் வெள்ளை வெயில் கண்ணைக் குத்தி, பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் நடந்து தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டாளாம். அதை அவளே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். இப்போது சேலைக்கு மேல் புருஷன் அசோகனின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ் என்று விடிவதற்கு முன்பே பலகையை இழுத்து உப்பை வாரிக்கொண்டிருப்பாள். அவள் பேச்சு பக்கத்துப் பாத்திவரை கேட்கும்.

உப்பள வேலைக்காரர்களுக்குக் கோடை மழை மாதிரி எதிரி கிடையாது. வாரிய உப்பு வரப்பு மேட்டில் குவியல் குவியலாகக் கிடக்கும். ஒரு மழை பிடித்தால் போதும், அத்தனை நாள் உழைப்பும் கரைந்து ஓடிவிடும். அதனால் ஒரு இடிச் சத்தம் கேட்டாலே யாரும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. வீட்டில் சோற்றில் கை வைத்திருந்தாலும் அப்படியே எழுந்து தார்ப்பாய் எடுக்க ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில் முதல் ஆள் கொளஞ்சியம்மாள். “தார்ப்பா!” என்று அவள் கத்தினால் தெருவே எழுந்துவிடும். உப்பளத்தில் வேலை செய்த அம்மாவின் பின்னால் சின்ன வயதில் வினோதினியும் அப்படி ஓடியிருக்கிறாள்.

மே தினத்தன்று வேன் கிளம்பும்போதே மேற்கே லேசாக மேகம் இருந்தது. கொளஞ்சியம்மாள் எல்லாக் குவியலையும் மூடிவிட்டுத்தான் ஏறினாள். ஏறியதும் டிரைவர் கலையரசனிடம், “பாட்டு போடுப்பா, சாவுக்கா போறோம்?” என்றாள். வழி நெடுகக் கைதட்டல்தான். எல்லோரும் கூப்பிட்டதால் வினோதினியும் வந்திருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து அவளும் தொடையில் மெல்லத் தாளம் போட்டாள்.

பார்க்கில் அந்த ரிவ்யூக்காரர் சொன்னது பொய்யில்லை என்று வாசலிலேயே தெரிந்தது. பள்ளிக்கூட லீவும் மே தினமும் சேர்ந்துகொண்டு, சென்னையும் விழுப்புரமும் பாதி இங்கேதான் இறங்கியிருந்தன. ராட்டினத்துக்கு வரிசை, சறுக்குக்கு வரிசை, ஐஸ்கிரீமுக்கு வரிசை. அதற்குள்ளும் புகுந்து புறப்பட்டார்கள். நீர்ச்சறுக்கில் கொளஞ்சியம்மாளின் அலறல் கேட்டுக் கீழே இருந்த காவலாளி பயந்தே போனார். தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியவள், “இன்னொரு வாட்டி!” என்றாள்.

நாலு மணி வாக்கில் பிரச்சினை வந்தது. ஷோ ஆறே முக்காலுக்கு. ஆனால் அதற்கான வரிசை அப்போதே ஐஸ்கிரீம் கடையைச் சுற்றி வளைந்து நின்றது. இப்போது போய் நின்றால்தான் உள்ளே இடம். நின்றால், இன்னும் பார்க்காத அலைக்குளம் போச்சு. ஏழரைக்கெல்லாம் வேன் கிளம்பிவிடும் என்று கலையரசன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். மறுநாள் இருட்டிலேயே வேலை.

“நான் வரல,” என்றாள் சூர்யகலா. கொளஞ்சியம்மாளுடன் ஒரே பாத்தியில் வேலை செய்பவள், அவளை வம்புக்கு இழுப்பதே பொழுதுபோக்கு. “வருஷம் பூரா கால் கடுக்க நிக்கறேன். லீவு நாள்லயும் வந்து இங்க நிக்கணுமா? அலை வர்ற குளம் இருக்குதுடி, வா போலாம்.”

“அலைய நீ பாத்ததே இல்லயாக்கும்!”

“இந்த அலைல உப்பு இல்லடி!”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பாதிப் பேரின் கண் அலைக்குளத்தின் பக்கம்தான் இருந்தது. கொளஞ்சியம்மாள் முதல்முறையாகத் தயங்கினாள். வேனை இங்கே திருப்பியவள் அவள். இத்தனை பேரையும் வரிசையில் நிற்க வைத்து, கடைசியில் தலைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் அடுத்த மே தினம் வரை சூர்யகலா விடமாட்டாள். அதைவிட, இன்று விட்டால் அந்த முன்பக்கம் இனி எப்போது?

“வினோதினி, படிச்ச பொண்ணு நீ. உன் போன்ல என்னா போட்டிருக்கான்னு பாத்து சொல்லு. போலாமா, வேணாமா? நீ சொல்றதுதான்.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இத்தனை முகங்களுக்கு நடுவே பேசுவது வினோதினிக்கு வழக்கமில்லை. குனிந்து போனைத் தள்ளினாள். ‘வேஸ்ட்.’ ‘இதைவிட நல்லதெல்லாம் சிங்கப்பூரில் பார்த்திருக்கிறோம்.’ ‘காத்திருந்ததற்கு ஈடாகவில்லை.’ கெஸ்ட் ஹவுஸில் தினமும் இப்படிப்பட்ட ரிவ்யூக்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. எழுதுகிறவர்கள் எதை எதோடு ஒப்பிட்டு எழுதுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். இதில் ஒருவராவது ரெண்டு வருஷம் உப்பளத்து ரோட்டில் நின்று அந்த வெளிச்சத்தின் முதுகைப் பார்த்தவரா?

போனைப் பைக்குள் போட்டாள்.

“போலாம் அத்தை.”

“அவ்ளோதான், சொல்லிட்டா!” கொளஞ்சியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையைப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே மற்றவர்கள். “நான் வரல” என்று சொல்லிக்கொண்டே சூர்யகலாவும்.

வரிசை ஆமை மாதிரி நகர்ந்தது. கால் மாற்றிக் கால் நின்றார்கள். முறுக்குப் பொட்டலம் கை மாறியது. முன்னால் நின்ற சென்னைக் குடும்பத்தின் கைக்குழந்தை சூர்யகலாவின் தோளுக்கு வந்து, அங்கேயே தூங்கி, எழுந்து, அம்மாவிடம் திரும்பிப் போனது. ஒருவழியாகக் கதவு திறந்தபோது கூட்டம் நெருக்கித் தள்ளியதில் இவர்களுக்குக் கிடைத்தது படிக்கட்டு இருக்கைகளில் ஆகக் கடைசி வரிசை. முன்னால் தலைகள். தலைகளுக்கு மேல் தோளில் ஏறிய குழந்தைகள். குழந்தைகளுக்கு மேல் தூக்கிப் பிடித்த போன்கள். கொளஞ்சியம்மாள் குள்ளம். எட்டிப் பார்த்தாள், எக்கிப் பார்த்தாள். ஷோ நடக்கும் குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெரியவில்லை.

“நல்லா தெரியுதாடி முன்பக்கம்?” என்றாள் சூர்யகலா.

கொளஞ்சியம்மாள் முன்னால் இருந்த போன்களுக்கு இடையே தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். போலாம் என்று சொன்னதே தான்தானே என்று வினோதினி தலையைக் குனிந்துகொண்டாள்.

சட்டென்று எல்லா விளக்குகளும் அணைந்தன.

அப்புறம் இடித்தது. வானமே பிளந்த மாதிரி, மேற்கிலிருந்து கிழக்குவரை உருண்டு உருண்டு இடித்தது. பளீரென்று ஒரு மின்னல். முகத்தில் சில்லென்று தூறல்.

“தார்ப்பா!”

அது யார் குரல் என்று கேட்கவே வேண்டாம். கொளஞ்சியம்மாள் எழுந்துவிட்டாள். அவள் எழுந்ததும் சூர்யகலா எழுந்தாள், அத்தனை பேரும் எழுந்தார்கள். அடுத்த மின்னல் வெட்டில், படிகளுக்குக் கீழே, குளத்தின் கரையில், நீலத் தார்ப்பாய் ஒன்று தெரிந்தது. போதாதா? நடுப்படியில் மடமடவென்று இறங்கி ஓடினார்கள். “வழி வுடு, வழி வுடு!” என்ற சத்தத்துக்குப் படியில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டு வழிவிட்டார்கள். இது ஷோ என்று வினோதினியின் தலைக்குத் தெரிந்தது. அவள் கால்கள் அதைக் கேட்கவில்லை. அவளும் ஓடிக்கொண்டிருந்தாள்.

கீழே போய் கொளஞ்சியம்மாள் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையைச் சூர்யகலா பிடித்தாள். ஸ்பீக்கர் பெட்டிகளை மூடியிருந்த அந்தத் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி ஒரு காவலாளி திகைத்து நின்றார்.

“அம்மா, என்னா பண்றீங்க?”

“மழ வருதுய்யா, பாத்துகினு நிக்கற! புடி!”

“அது மழ இல்லம்மா! ஷோ! ஸ்பீக்கர்லருந்து வர்ற இடி, குழாய்லருந்து வர்ற தூறல்!”

சூர்யகலாதான் முதலில் சிரித்தாள். தார்ப்பாய் முனையைப் பிடித்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அது ஒவ்வொருவருக்காகத் தொற்றி, மேலே படிகளில் இருந்தவர்களுக்கும் பரவி, கூட்டமே கைதட்டியது. கொளஞ்சியம்மாள் ஸ்பீக்கரைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். “ஐயய்யோ! சரி வாங்கடி, மேல போலாம்.”

“இருட்டுல மறுபடி ஏறாதீங்கம்மா,” என்றார் காவலாளி, அவசரமாக. “வுழுந்து வெச்சா எனக்குத்தான் திட்டு வுழும். இங்கயே, கம்பிக்குப் பின்னாடி உக்காருங்க. முடியறவரைக்கும் யாரும் எழுந்துக்கக் கூடாது.”

உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு தலைகூட இல்லை.

தண்ணீர் எழுந்தது. ஒரு மரத்தின் உயரம், பிறகு இரண்டு மரத்தின் உயரம். அது சிவப்பாகி, மஞ்சளாகி, சுழன்று, ஒடிந்து விழுந்து மறுபடி எழுந்தது. தெறித்த சாரலில் அவர்கள் சேலையெல்லாம் நனைந்தது. சூர்யகலா விரலை நீட்டி நீட்டி ஒவ்வொரு நிறத்துக்கும் கத்தினாள். கடைசியில் குளத்தின் நடுவிலிருந்து அந்த நீல ஒளிக்கற்றை புறப்பட்டு, அவர்களின் தலைக்கு மேலே நீண்டு, வடக்கே சாய்ந்தது. கொளஞ்சியம்மாள் உடம்பை அப்படியே திருப்பி அது போகும் திசையைப் பார்த்தாள்.

“அங்கதான் நம்ம ஊரு,” என்றாள். “அதோ, நம்ம ரோட்டு மேல சாயுது பாரு. இந்நேரம் எங்க வூட்டு ஆளு பாலுக்கு வந்து அதோட முதுகப் பாத்துகினு நிக்கும்!”

வேனில் யாரும் உட்காரவில்லை. கலையரசன் பாட்டைச் சத்தமாக வைத்தும் எடுபடவில்லை. ஆளுக்கொரு விதமாக அந்த ஓட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொளஞ்சியம்மாள் தள்ளாடித் தள்ளாடி வந்து வினோதினியின் பக்கத்தில் இடம் பிடித்தாள். சேலை இன்னும் ஈரம்.

“போன எடு. வந்தவங்கல்லாம் எழுதி வெச்சிருக்காங்களே, அந்த எடத்துல நான் சொன்னதா ஒண்ணு எழுதறியா? ரெண்டு பாஷையிலயும் எழுது. கூட்டம்தான், ஆனா போங்கன்னு எழுது. இங்கிலீஷ்ல மட்டும், மொதல்ல இடிக்கும், அது நெசம் இல்ல, யாரும் எழுந்து ஓடாதீங்கன்னு போடு.”

“தமிழ்ல வேணாமா அத்தை?”

“தமிழ்ல அத எழுதாத கண்ணு. நம்ம உப்பளத்து ஆளுங்க வந்தா எழுந்து ஓடட்டும். அப்பத்தான் முன்னாடி எடம் கெடைக்கும்.”