சொன்னால்தான் கயிறு

ஆலங்குடாக் கடற்கரையில் இஸ்ஹாக்கின் மணலில் ஓடுகிற நாலுசில்லு பைக்கை வாடகைக்கு எடுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் முதலில் கேட்பது, இது எந்தக் கொம்பனி என்றுதான். அந்தக் கேள்விக்காகவே அவன் ஒரு காலத்தில் காத்திருப்பான். கேட்டவர் தொலைந்தார். தெரிந்த இங்கிலீசையும் தெரியாத இங்கிலீசையும் சேர்த்துக் கலக்கி, எஞ்சின், சில்லு, பிரேக் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, கொஷிறோவைப் போல ஒரு வண்டி இந்த உலகத்திலேயே இல்லை என்று அவர் ஒப்புக்கொள்ளும்வரை சாவியைக் கொடுக்கமாட்டான். இப்போது யாராவது கேட்டால், பெற்றோல் டாங்கியில் எழுதியிருப்பதை விரலால் காட்டிவிட்டு ஹெல்மட்டை நீட்டுகிறான். அந்தப் பெயரை அவன் வாயால் சொல்லி மூன்று மாதம் கடந்துவிட்டது.

அவனைத் தெரிந்தவர்களுக்கு இது சின்ன விசயமில்லை. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேறச் சொல்லி, மன்னாரிலிருந்து எல்லோரும் வெளிக்கிட்டபோது இஸ்ஹாக் வாப்பாவின் தோளில் இருந்த பிள்ளை. தங்கச்சி ஹவ்வா பிறந்ததே இங்கே, முகாமில், ஒரு கிடுகுக் கொட்டிலில். அவர்கள் இருந்த வீடு யாரோ கட்டிக் கொடுத்தது. அவன் பள்ளிக்கூடம் போன சைக்கிள் யாரோ கொடுத்தது. உடுத்த உடுப்பில் பாதி யாரோ போட்டுக் கழித்தது. தோட்டங்களில் தண்ணீர் இறைக்கிற மெசின்களைக் கழற்றிப் பூட்டித் தொழில் படித்து, கொரோனாக் காலத்தில் மூடப்பட்ட ஒரு ஹோட்டலில் கிடந்த இந்த வண்டியை வாங்கியபோதுதான், தனக்கென்று ஒன்றைத் தானே பார்த்து, தானே ஆசைப்பட்டு எடுத்தான். அதைக் குறை சொன்னால் அவனுக்குப் பொறுக்காது. தன் பெண்சாதி கமறியாவின் சமையலைக் குறை சொன்னாலும் சிரித்துக்கொண்டு போவான், கொஷிறோவைச் சொன்னால் முகம் கறுத்துவிடும்.

அதைக் குறை சொல்வதையே வேலையாக வைத்திருந்தவன் ஹவ்வாவின் மாப்பிள்ளை அத்தாஉல்லா. கற்பிட்டியில் தென்னந்தோட்டமும் பழைய பெயரும் உள்ள குடும்பம். முகாமில் பிறந்த பெண்ணைத்தான் கலியாணம் முடிப்பேன் என்று வீட்டில் சண்டை பிடித்து முடித்தவன். அவ்வளவு பிடிவாதக்காரன் வண்டி விசயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பானா? அவனுடையது மக்னோர். மக்னோர்தான் வண்டி, கொஷிறோ வெள்ளைக்காரப் பிள்ளைகள் கடற்கரையில் உருட்டி விளையாடுகிற சாமான் என்பான். ஒருமுறை தோட்டத்தில் கால் பிரண்டு வீங்கிக் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இஸ்ஹாக் வண்டியோடு வந்து நின்றான். கொஷிறோவில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மாட்டுவண்டி வரும்வரை தென்னை மரத்தடியில் காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தவன் அத்தாஉல்லா. இஸ்ஹாக்கும் சளைத்தவனில்லை. மச்சானின் மக்னோரை அவன்தான் திருத்துவான், ஆனால் அதன் சீற்றில் ஒருநாளும் குந்தமாட்டான். திருத்தி முடித்தால் தள்ளிக்கொண்டுபோய் விட்டுவிட்டு நடந்து வருவான். ஹவ்வா இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சோறும் தின்றபின் வண்டி வைத்திருக்கிறவர்கள் கண்டக்குளிப் பக்கத்து மணல்மேடுகளுக்குப் போவார்கள். நம்பர் தகடு இல்லாத வண்டியை றோட்டில் ஓடினால் பொலிஸ் பிடிக்கும். மணலில் கேட்பாரில்லை. சில்லுகளில் காற்றைக் குறைத்துக்கொண்டு, மேட்டின் முதுகில் ஏறி மறுபக்கம் சறுக்கி இறங்குவதில் ஒரு சுகம் இருக்கிறது. வயிறு ஒருதரம் மேலே வந்து போகும். வீட்டுக் கவலை, தொழில் கவலை எல்லாம் அந்த இறக்கத்தில் கழன்று விழும். வளர்ந்த ஆம்பிளைகள் கூவிக்கொண்டு இறங்குவதைப் பார்த்துக் கரையில் மீன் காயப்போடுகிற பெண்கள் சிரிப்பார்கள்.

மணலில் புதைவது அங்கே எல்லோருக்கும் நடப்பதுதான். புதைந்தவனை மற்றவன் கயிறு போட்டு இழுத்து எடுப்பான். ஆனால் கயிறு சும்மா வராது. புதைந்தவன் முதலில் இழுக்கிறவனின் கொம்பனிப் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மக்னோர்க்காரன் புதைந்தால் கொஷிறோ என்று சொல்ல வேண்டும், கொஷிறோக்காரன் புதைந்தால் மக்னோர் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் கயிறு. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவனே அத்தாஉல்லாதான். இஸ்ஹாக் இரண்டு மூன்று முறை பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். அத்தாஉல்லா சொன்னதே கிடையாது. ஒருநாள் புதைந்தபோது அசர் பாங்கு சொல்லி, மஃரிபும் நெருங்கும்வரை மணலில் மல்லாந்து படுத்துக் கிடந்தானே தவிர வாய் திறக்கவில்லை. கடைசியில் இருட்டிவிடும் என்று இஸ்ஹாக்தான் இறங்கிப்போய்க் கயிறு கட்டினான். வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கதை பல வாரம் ஓடியது.

அந்த வெள்ளிக்கிழமை காற்றுக் கடுமை. மற்றவர்கள் வரவில்லை, இவர்கள் இரண்டு பேர்தான். அத்தாஉல்லா முதலில் மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கினான். எஞ்சின் சத்தம் ஒருதரம் கூடி, பிறகு நின்றது. இஸ்ஹாக் உச்சியில் வந்து வண்டியை நிறுத்திப் பார்த்தான். கீழே மக்னோர் சரிந்து பாதி புதைந்து கிடந்தது. அதற்கு அப்பால் மச்சானின் இரண்டு காலும் தெரிந்தன. மற்றதெல்லாம் வண்டி மறைத்துவிட்டது. வழக்கம்போல மல்லாந்து படுத்துவிட்டான் என்று இஸ்ஹாக் நினைத்தான். யார்தான் நினைக்கமாட்டார்கள்?

"சொல்லு மச்சான். சொன்னாத்தான் வருவன்."

இஸ்ஹாக் போத்தலைத் திறந்து பால் விடாத பிளேன்ரீ குடித்தான். வாயில் விழுந்த மணலைத் துப்பினான். இந்தமுறை விடுவதில்லை, எவ்வளவு நேரம் என்றாலும் இருப்பது என்று முடிவுகட்டிக்கொண்டு வண்டியின் சீற்றில் காலை மடித்துக் குந்தினான். கடலில் பலகையில் நின்று கைற் ஓடுகிறவர்களின் பட்டங்கள் தெரிந்தன. அவற்றைக்கூட எண்ணிக்கொண்டிருந்தான்.

பிறகு கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. மெல்லிசாக, காற்று பாதியைக் கொண்டுபோக, மீதி வந்தது.

"கொஷிறோ."

இஸ்ஹாக் எழும்பி நின்று கை தட்டினான். மேடு முழுக்கக் கேட்கும்படி சிரித்தான். இத்தனை வருசத்தில் இல்லாத வெற்றி, குழுவில் போடாமல் விடலாமா? போனை எடுத்து உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "இன்னொருக்கா சொல்லு மச்சான், கேக்கல்ல" என்றான். காற்றுத்தான் கேட்டது. இஸ்ஹாக் இன்னொரு தரம் அதையே கேட்டான். அதற்குப் பிறகுதான் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னும் சிரித்தபடி, இறங்கினான்.

ஹாண்டிலின் முனை அத்தாஉல்லாவின் நெஞ்சில் இறங்கி இருந்தது. கண் திறந்திருந்தது. வண்டியைத் தூக்க இஸ்ஹாக்குக்கு அந்த நேரம் எங்கிருந்தோ பலம் வந்தது. தூக்கிப் பிரயோசனம் இருக்கவில்லை.

கரையிலிருந்து கூடி ஓடிவந்தவர்களுக்கு அவன் சொன்னது ஒரு வசனம்தான். "நான் போகக்குள்ள முடிஞ்சிட்டு." பொலிசுக்கும் அதையே சொன்னான், ஹவ்வாவுக்கும் அதையே சொன்னான். பார்க்கப்போனால் பொய்யில்லை. அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

அன்றைக்குப் பிறகு வண்டி அவனை விடவில்லை. வாடகைக்குப் போன பைக் திரும்பி வந்து, எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டு நிற்கும்போது அந்தச் சத்தத்துக்குள் மூச்சு வாங்குகிற ஒரு குரல் அதே பெயரைச் சொல்லும். அணைத்தால், சூடு ஆறுகிற இரும்பின் சத்தத்துக்குள் சொல்லும். சோற்றுக் கோப்பையின் முன்னால் இருக்கும்போது காற்று கிடுகு வேலியை உரசினால் அதிலும் சொல்லும். பள்ளியில் சுஜூதில் நெற்றியை வைத்தால், ஓத வேண்டியது மறந்து அந்தப் பெயர் நாக்கு நுனிவரை வந்து நிற்கும். அவன் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கிவிடுவான். பக்கத்தில் தொழுகிறவர்கள், பாவம் மச்சானுடைய கவலை என்று நினைத்துக்கொண்டார்கள். போனில் அந்த வீடியோ இருந்தது. அதில் மணல்மேடும் காற்றும் அவனுடைய சிரிப்பும் மட்டும்தான். அதைப் பார்க்கவும் பயம், அழிக்கவும் பயம்.

மௌத்தாகிறவனின் கடைசி வார்த்தை, அல்லாஹ்வைத் தவிர வேறு நாயனில்லை என்கிற கலிமாவாக இருக்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்காகத்தான் சாகக் கிடக்கிறவரின் காதோரம் குந்தியிருந்து சொல்லிக் கொடுக்கிறோம். அத்தாஉல்லாவின் காதோரம் இருக்க வேண்டியவன் மேட்டு உச்சியில் குந்தியிருந்து, ஒரு கொம்பனியின் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டான். இருந்த ஒரே மூச்சை வாங்கிக்கொண்டான். இஸ்ஹாக்கைத் தின்றது இதுதான்.

ஹவ்வா இத்தாவில் இருந்தாள். புருசன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆம்பிளைகள் முகம் பார்க்காமல் வீட்டோடு இருக்க வேண்டும். கூடப்பிறந்த நானா போகலாம். ஆனால் இஸ்ஹாக் போகிற நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தான். கமறியாதான் ஒவ்வொரு நாளும் சோறு கொண்டுபோனாள். ஒருநாள் அவள் வந்து சொன்னாள்:

"உங்கட தங்கச்சி ஒழுங்காச் சாப்பிடுறா இல்ல. பார்க்க வாற பொம்பிளைகள் எல்லாம், கலிமாவோட போனாரா எண்டு கேட்டுக் கேட்டுக் கொல்லுறாங்க. பக்கத்து வீட்டு றஹ்மத் உம்மாவும் நேத்து வந்து, தனியாக் கிடந்து மௌத்தான மனிசன், என்ன நிலைமையோ எண்டு சொல்லிட்டுப் போய்ட்டா. அந்தப் புள்ள அதையே புடிச்சிக்கிட்டு அழுவுது. நீங்க போய் ரெண்டு வார்த்த கதைங்க."

அசர் தொழுதுவிட்டு இஸ்ஹாக் போனான். ஹவ்வா வெள்ளை உடுப்பில், அறைவாசலில் கதிரையில் இருந்தாள். மெலிந்து, முகத்தில் கண் மட்டும்தான் மிச்சம். நானாவைக் கண்டதும் சுற்றிவளைக்காமல் கேட்டாள்.

"நானா, நீங்கதான் அவரக் கடைசியாப் பார்த்தீங்க. வலது கை சுட்டுவிரல் நீட்டி இருந்திச்சா? கலிமா சொன்னவங்களுக்கு அப்பிடி இருக்கும் எண்டு சொல்லுறாங்க."

விரல் எப்படி இருந்தது என்று அவனுக்கு நினைவில்லை. அவன் கண்டது நெஞ்சைத்தான். ஆனால் தங்கச்சி அந்த ஒரு சொல்லுக்காகக் காய்ந்து கிடந்தாள். அதைக் கொடுக்கத் தன்னால் முடியும் என்பது அவனுக்குச் சட்டென்று விளங்கியது. தன்னால் எடுபட்டதைத் தானே திருப்பிக் கொடுப்பதுபோல இருந்தது.

"கலிமா சொன்னாரு புள்ள. என்ட காதால கேட்டன்."

ஹவ்வா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். இஸ்ஹாக்குக்கும் அழுகை வந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சில் கொஞ்சம் காற்று இறங்கினதுபோல இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, நானாவுக்குத் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனாள். கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது.

அவள் வெறுங்கையோடு திரும்பி வந்து நின்றாள்.

"நீங்க போகக்குள்ள முடிஞ்சிட்டு எண்டுதானே சொன்னீங்க."

இஸ்ஹாக் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்தான்.

"அப்ப அவரு கதைச்சத எங்க இருந்து கேட்டீங்க?"

இனி ஓட இடமில்லை. அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். உச்சியில் நின்றதை, காலை மட்டும் கண்டதை, பிளேன்ரீ குடித்ததை, பட்டம் எண்ணியதை. அந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. மூன்று மாதமாக வராத சொல்லைத் தங்கச்சியின் முன்னால் உடைத்து உடைத்துச் சொன்னான். "கலிமா இல்ல புள்ள. கொஷிறோ எண்டுதான் சொன்னாரு." சிரித்ததையும் சொன்னான். இன்னொருக்கா சொல்லச் சொன்னதையும் ஒளிக்கவில்லை.

ஏசுவாள், நெஞ்சில் அடித்துக்கொள்வாள், வெளியே போ என்பாள் என்று காத்திருந்தான். அவள் மெதுவாகக் கதிரையில் இருந்தாள்.

"அவரு அதச் சொல்லுற மனிசன் இல்லையே."

"இல்ல."

"வீட்ட வரோணும் எண்டு இருந்திருக்கு நானா. அதுக்குத்தான் சொல்லியிருக்காரு."

இஸ்ஹாக் இதை ஒருநாளும் அப்படி நினைத்துப் பார்க்கவில்லை. அந்தச் சொல்லை இவ்வளவு நாளும் அவன் தன்னுடைய குற்றமாக மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தான். மச்சானின் ஆசையாக அதைக் கேட்கவில்லை. கேட்டபோது முன்னைவிடக் கூட வலித்தது.

பிறகு ஹவ்வா கேட்டாள்:

"நீங்க கை தட்டிச் சிரிச்சது அவருக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும். சத்தமாத்தான் சிரிச்சன்."

"அப்ப நீங்க இறங்கி வாறீங்க எண்டு நெனச்சிக்கிட்டுத்தான் கிடந்திருப்பாரு" என்றாள் ஹவ்வா.