கத்தெல்லோ வீட்டுக் கூடை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் நேப்பிள்ஸில் எங்கள் சந்துக்குள் சக்கரப் பெட்டிகள் கடகடத்துக்கொண்டு வந்துவிடும். இரண்டு நாள் ஊர் சுற்ற, பீட்சா தின்ன, படம் எடுக்க வருகிற கூட்டம். அந்தச் சத்தம் கேட்டதும் பெரியவர் கத்தெல்லோ துணிப்பையோடு நாலாம் மாடியிலிருந்து இறங்குவார். அவர் வீட்டில்தான் அவர்கள் தங்க வருகிறார்கள்.

ஆயுள் முழுக்க நகரப் பேருந்து ஓட்டியவர். மனைவி அசுந்தா கண்ணை மூடியபின் தனிக்கட்டை. மகன் மாசிமோவுக்கு வேலை போனதும், "சனி ஞாயிறு மட்டும் வீட்டை வாடகைக்கு விட்டுக்குடுப்பா. கோடை முடியற வரைக்கும்தான்" என்றான். பெற்ற பிள்ளையிடம் எப்படி மறுப்பது? அந்த நாட்களில் ராத்திரி மச்சினி வீட்டுச் சமையலறையில் மடக்குக் கட்டில். பகலில் என் காய்கறிக் கடை வாசலில் உட்கார்ந்து தன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அண்ணாந்து பாத்தே கழுத்து சுளுக்கிக்கப் போகுது உங்களுக்கு."

"கோடை முடியட்டும் நுன்சியா. சனி ஞாயிறும் என் கட்டில்ல காலை நீட்டிட்டா எல்லாம் சரியாயிடும்."

மாசிமோ கடைசி என்று சொன்ன அந்தச் சனிக்கிழமை, மேலே தங்கியிருந்த ஜோடி பால்கனியில் கிடந்த கூடையை விளையாட்டாகக் கயிற்றில் இறக்கியது. அசுந்தாவின் கூடை. அவள் அதை இறக்கிவிட்டு வெங்காயம் கேட்டால் சந்துக்கே கேட்கும். இறங்கி வந்த கூடையை வெறுமையாக மேலே அனுப்பும் பழக்கம் எங்களிடம் கிடையாது. கத்தெல்லோவின் கை தானாக எழுந்தது. ரொட்டியும் நாலு தக்காளியும் வைத்து, கயிற்றை இரண்டு தரம் சுண்டினார். மேலே ஒரே கைதட்டல், படம் பிடித்தல்.

புதன்கிழமை மாசிமோ போனை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"அப்பா, தங்கிட்டுப் போனவங்க உன்னைப் பத்திதான் எழுதியிருக்காங்க! கூடையில ரொட்டி வைக்கிற தாத்தாவாம். ஈஸ்டர் வரைக்கும் ஒரு வாரம்கூடக் காலியில்ல!"

"கோடை முடிஞ்சிருச்சேடா."

"உன்னைப் பாக்கத்தாம்பா வர்றாங்க. சனிக்கிழமை நீ இங்க உக்காந்திருந்தாப் போதும்."

நான் வாயைத் திறப்பதற்குள் கிழவர் என்னைக் கையமர்த்தினார். "விடு. பய சிரிச்சு எவ்வளவு நாளாச்சு."

அடுத்த சனிக்கிழமை மறுபடி கூடை இறங்கியது. மேலே நாலைந்து தலைகள், கையில் போன்கள். நான் அவர் கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"வெறுங்கூடையா அனுப்புங்க. நாலு வாரம் அப்படிப் போனா ஒரு பய வரமாட்டான். உங்க வீடு உங்களுக்கு."

கூடையின் விளிம்பைப் பிடித்த கையை அவர் எடுக்கவில்லை. மேலே கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். அவர் என்னை நோக்கிக் கையை நீட்டினார்.

"குடுத்துடு நுன்சியா. என்னால முடியல. நம்ம வீட்டுக் கூடையாச்சே."