கேப்டன் கடித்த கிறிஸ்துமஸ் தாத்தா

மேடையில் நின்று சாட்சி சொல்ல எனக்கு வராது. ஒன்று அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் கோபம் வந்துவிடும். அதனால் எழுதித் தருகிறேன். கர்த்தர் செய்த நன்மையை வாங்கிக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருப்பது நன்றாகவா இருக்கும்? வாசிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். வானத்திலிருந்து வெளிச்சம் ஒன்றும் இதில் வராது. ஒரு நாய் வரும்.

1974ஆம் வருஷம் டிசம்பர். நாங்கள் கல்கத்தாவில் கிடர்பூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. எங்களுக்கு ஒரே மகள், ஜெபா. பத்து வயது. தமிழில் ஆரம்பித்து பெங்காலியில் முடிப்பாள்.

அந்த மாதம் எனக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சல். மண்ணெண்ணெய்க்கு வரிசை. சர்க்கரைக்கு வரிசை. முந்திரிக்கொத்துக்கு எண்ணெய் காயும் நேரம் பார்த்துக் கரண்டு போகும். கிறிஸ்துமஸ் என்றால் மற்றவர்களுக்குப் பண்டிகை, வீட்டுப் பெண்களுக்கு அடுப்படி. இது போதாதென்று கேப்டன் வேறு.

கேப்டன் எங்கள் நாய். ஏதோ ஒரு கப்பலின் ஆட்கள் கரையில் விட்டுவிட்டுப் போன குட்டியை என் கணவர் சட்டைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடங்கியிருக்கும். வாசலில் கட்டிய காகித நட்சத்திரத்தை இழுத்துக் கிழித்தது. பிசைந்து வைத்த மாவில் வாயை வைத்தது. சோபா உறையை நான் துவைத்துப் போட்ட அன்றே சேற்றுக் காலோடு ஏறிப் படுத்தது. "அதுக்கு ஊசி போட்டுட்டு வாங்க, ஊசி போட்டுட்டு வாங்க" என்று மழைக்காலத்திலிருந்து சொல்கிறேன். "நாளைக்கு எஸ்தரு, நாளைக்கு" என்பார். அவருடைய நாளைக்கு அந்த டிசம்பர் வரை விடியவில்லை.

நான் ஒளிவுமறைவு இல்லாதவள். வீட்டு ஜெபத்தில் எல்லோர் காதும் கேட்க, "ஆண்டவரே, இந்த நாயை வேறெங்காவது நல்ல இடத்துக்கு அனுப்பிவையும்" என்று தினமும் ஜெபித்தேன். என் கணவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார். ஜெபா ஆமென் சொல்ல மாட்டாள்.

அந்த நாய் மேல் உயிரை வைத்திருந்தவன் தங்கராஜ். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன், இருபத்தாறு வயது, சர்க்கார் ஆபீஸில் கிளார்க். கல்யாணம் ஆகவில்லை. லேக் கார்டன்ஸில் ஒரு பெங்காலி அம்மா வீட்டில் கீழ் அறையில் தனியாக இருந்தான். அவனுடைய அம்மா அவனை ரயிலேற்றும்போது, "எஸ்தர் இருக்கா, அவ பாத்துக்கிடுவா" என்று சொல்லித்தான் அனுப்பினார்களாம். சனிக்கிழமை தவறாமல் வருவான், கேப்டனுக்கு பிஸ்கட் வாங்கி வருவான். சில நாள் அதை நடத்தியே தன் அறைப் பக்கத்து ஏரி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் அழைத்துவருவான். எனக்கு இரண்டு மூன்று மணி நேரம் நிம்மதி என்று நான் எங்கே என்ன என்று கேட்டுக்கொள்வதில்லை.

டிசம்பர் பதினெட்டாம் தேதி சாயங்காலம் எங்கள் தமிழ்ச் சபையின் கேரல் பாட்டுக்காரர்கள் வந்தார்கள். கரண்டு இல்லை. பெட்ரோமாக்ஸ் விளக்கு, டோலக், கம்பில் கட்டிய நட்சத்திரம் என்று படியேறி வந்தார்கள். முன்னால் சிவப்பு அங்கியும் முகமூடியும் பஞ்சுத் தாடியுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா, மணியை ஆட்டிக்கொண்டு குதித்து நுழைந்தார். அங்கியிலிருந்து பாச்சை உருண்டை நெடி மூக்கில் ஏறியது. சபை டிரங்குப் பெட்டியில் ஒரு வருஷமாகக் கிடந்த அங்கி.

கேப்டன் ஒரே பாய்ச்சல். கெண்டைக்காலைக் கவ்விவிட்டது.

"ஐயோ, மதினி!"

முகமூடிக்குள்ளிருந்து வந்தது தங்கராஜின் குரல். ஜெபாவுக்கு வேடிக்கை காட்ட எங்களிடம் சொல்லாமல் வேஷம் கட்டியிருக்கிறான். அந்தக் குரலைக் கேட்டதும் நாய் சட்டென்று விட்டுவிட்டது. ஒன்றும் புரியாமல் நின்றது. அதற்குள் ஒருவர் நட்சத்திரக் கம்பை ஓங்க, அது படியிறங்கி ஓடியது. சந்து முனையில் லாரிகளுக்கு நடுவே மறைந்ததுதான். அதற்கப்புறம் ஆளைக் காணோம்.

நாய்க்கடி என்றால் சும்மா இல்லை. பத்து நாளைக்கு முன்னால்தான் டீக்கடைப் பக்கம் ஒரு தெருநாயோடு கேப்டன் கட்டிப் புரண்டிருந்தது. அந்தத் தெருநாய் நுரை தள்ளிச் செத்துப்போனது என்று அப்போதுதான் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்தைக் கழுவிவிட்டு நேராகச் சொன்னார். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. தினம் ஒன்று. நாய் கிடைத்து, கடித்த நாளிலிருந்து பத்து நாள் நன்றாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்து இருந்தால் பயமில்லை, ஊசியை நிறுத்தலாம். நாய் செத்தாலோ கிடைக்காமலே போனாலோ எல்லாவற்றையும் போட்டே ஆக வேண்டும், அதன் பிறகும் காத்திருந்துதான் பார்க்க வேண்டும். சிலருக்கு அந்த ஊசியே ஒத்துக்கொள்ளாது என்றும் சொன்னார்.

தங்கராஜுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது ஊசியிலேயே காய்ச்சல். எங்கள் வீட்டிலேயே படுக்க வைத்தோம். என் கணவரின் சாரத்தையும் பனியனையும் உடுத்திக்கொண்டு, வயிறு வீங்கி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"அது என்னையே கடிச்சிட்டே மதினி. முகத்தை மூடுனா என்ன, வாசனை தெரியாதா அதுக்கு? வெறிதான் மதினி. சும்மா ஆறுதல் சொல்லாதிய."

அவன் அம்மாவுக்கு எழுதுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. என்னை நம்பி அனுப்பிய பிள்ளை. என் வீட்டு வாசலில், என் வீட்டு நாய் கடித்து, சாகப் பயந்து கிடக்கிறான். வெறி கண்டால் தண்ணீர் இறங்காது என்பார்கள்; தண்ணீர்த் தம்ளரைக் கொடுக்கும்போதெல்லாம் அவன் குடிக்கிறானா என்று பார்ப்பேன். நான் பார்ப்பதை அவனும் பார்ப்பான்.

என் கணவர் வேலை முடிந்ததும் ஒவ்வொரு கப்பல் துறையாகத் தேடினார். கப்பலிலிருந்து வந்த நாய், கப்பலைத் தேடித்தான் போகும் என்று அவர் கணக்கு. லாரிக்காரர்கள், கைவண்டிக்காரர்கள் எல்லோரையும் விசாரித்தார். வெறி பிடித்த நாய்க்கு ஆளும் தெரியாது, வழியும் தெரியாது என்றே நாங்கள் எல்லோரும் நம்பினோம். அதனால் அதற்குத் தெரிந்த இடங்களில் ஒருவரும் தேடவில்லை.

காய்ச்சல் வந்த அன்று ராத்திரி ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். ஜெபா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "மா, நீதானே கேட்டே? கேட்டது கிடைச்சிட்டு. இப்போ நீயே திருப்பிக் கேளு."

அடிக்கலாம் போலிருந்தது. ஆனாலும் கேட்டேன். தினமும் கேட்டேன். "ஆண்டவரே, அந்தச் சனியனை உயிரோடு கொண்டுவந்து சேரும்" என்று கேட்டேன். சனியன் என்ற வார்த்தையை ஜெபத்தில் சொல்லக் கூடாதுதான். வந்துவிட்டது. ஒரு பதிலும் இல்லை. காய்ச்சல் ஏறியது. அதிரச மாவு புளித்தது. கிழிந்த நட்சத்திரம் கிழிந்தபடியே தொங்கியது. பக்கத்து வீட்டு பெங்காலிக்காரர்கள், கிறிஸ்துமஸை அவர்கள் போரோதின் என்பார்கள், "போரோதின் வருகிறதே, கேக் உண்டா?" என்று சிரித்துக் கேட்டால்கூட எனக்குக் கோபம் வந்தது.

கிறிஸ்துமஸ் அன்று காலை. என் கணவருக்குக் கப்பலில் சரக்கு இறங்குகிறது, விடியும் முன்பே போய்விட்டார். தங்கராஜ் என்னைக் கூப்பிட்டான். குரலே எழும்பவில்லை.

"மதினி, என் ரூம்ல புதுச் சட்டை தச்சு வச்சிருக்கேன். அதப் போட்டுக்கிட்டுக் கோயிலுக்கு வரணும்போல இருக்கு. அடுத்த கிறிஸ்துமஸ் எப்படியோ."

"இந்த வயித்தோட புதுச் சட்டை ஒண்ணுதான் கொறச்சல்" என்று வெடித்தேன். அடுத்த கிறிஸ்துமஸ் என்று அவன் சொன்னதைத் தாங்க முடியாமல்தான் அப்படி வெடித்தேன். அறைச் சாவியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு கிளம்பினேன். எட்டரை மணி ஆராதனைக்குள் திரும்ப வேண்டும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் செய்ததை ஜெபம் என்று சொல்ல முடியாது. சண்டை. "எனக்குச் சலித்துவிட்டது ஆண்டவரே. நான் கேட்காதபோது கொடுக்கிறீர், கேட்கிறபோது காது கேளாதவர் மாதிரி இருக்கிறீர். உம்முடைய பிறந்தநாளும் அதுவுமாக ஒரு சட்டைக்காக நான் அலைகிறேன். அந்தப் பிள்ளையைச் சாக விடாதேயும். வேறொன்றும் எனக்கு வேண்டாம். நாய் வேண்டும். எனக்கு அந்த நாய் வேண்டும்." கண்ணீர் வடிகிறது. பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

லேக் கார்டன்ஸில் இறங்கி அந்த வீட்டுப் பக்கவாட்டுச் சந்துக்குள் நுழைந்தேன். தங்கராஜின் அறைக் கதவு பூட்டியிருந்தது. வாசலில் அவனுடைய பழைய ரப்பர் செருப்பு. அந்தச் செருப்பின் மேல் தாடையை வைத்துக்கொண்டு, விலா எலும்பு தெரிய, கேப்டன் படுத்திருந்தது.

என்னைப் பார்த்ததும் ஒரு காதை நிமிர்த்தியது. எழுந்து ஓடவில்லை. வாலை மட்டும் தரையில் இரண்டு தட்டுத் தட்டியது.

வீட்டுக்கார அம்மா, நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுகிறவர்கள், கையில் தட்டோடு வந்தார்கள். ஒரு வாரமாக இங்கேயே கிடக்கிறதாம். தங்கராஜ்தான் நாயை விட்டுவிட்டு எங்கேயோ ஊர்சுற்றப் போய்விட்டான் என்று அவர்களுக்கு அவன் மேல் கோபம். மீன் சோறு வைத்தால் கொஞ்சம் தின்னுமாம், மறுபடியும் போய்ச் செருப்பின் மேல் படுத்துக்கொள்ளுமாம்.

என்னுடைய பெங்காலி அரைகுறை. இருந்தாலும் கேட்டேன். "ஜொல்? ஜொல் காய்?" தண்ணீர் குடிக்கிறதா?

"ஜொல் காபே நா கேனோ?" ஏன் குடிக்காது என்று சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த அலுமினியக் கிண்ணத்தைக் காலால் தள்ளினார்கள். கேப்டன் என் கண் முன்னால் சளப் சளப் என்று குடித்தது.

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சேலையெல்லாம் புழுதி. நாயைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதற்கு வெறி இல்லை. முகமூடிக்கும் பாச்சை உருண்டை நெடிக்கும் பின்னால் இருந்தவனை அதற்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். யாரோ ஒருவனைக் கடித்துவிட்டோம், எல்லோரும் அடிக்க வருகிறார்கள் என்று பயந்து, தன்னை அடிக்காத ஒருவனைத் தேடி அவன் வாசலுக்கு ஓடி வந்திருக்கிறது. கடித்தது அவனைத்தான் என்று அதற்குத் தெரியாது.

டாக்ஸிக்காரர்கள் நாயை ஏற்ற மாட்டேன் என்றார்கள். பஸ்ஸிலும் முடியாது. மாஷிமா ஒரு பழைய சேலைக் கிழிசலைக் கழுத்தில் கட்டிக் கொடுத்தார்கள். புதுச் சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நான் தினமும் போகச் சொல்லி ஜெபித்த நாயைப் பிடித்துக்கொண்டு, கிடர்பூர் வரைக்கும் நடந்தேன். கால் கொப்பளித்தது. ஆராதனை தவறிப்போனது. வழியெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு வந்தேன். நாயோடு பேசுகிறேன் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அது நேரே கட்டிலுக்குப் போனது. தங்கராஜ் பயந்து காலை இழுத்துக்கொண்டான். "பயப்படாத தம்பி. இது உன் ரூம் வாசல்ல, உன் செருப்பு மேல கெடந்துச்சு. உன்னைத் தேடித்தான் போயிருக்கு" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், நாயைப் பார்த்தான். மெதுவாகக் கையை நீட்டினான். கேப்டன் அந்தக் கையை முகர்ந்துவிட்டு நக்க ஆரம்பித்தது. அவன் வாய்விட்டு அழுதான். ஜெபா கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அது குடிப்பதை நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். அதுதான் எங்கள் வீட்டு கிறிஸ்துமஸ் ஆராதனை.

மறுநாள் டாக்டர் நாயைப் பார்த்தார். இத்தனை நாள் கழித்தும் இப்படிச் சாப்பிடுகிறதென்றால் நல்ல அடையாளம், ஊசியை நிறுத்திவைப்போம், மீதி நாளும் கட்டிப்போட்டுக் கவனியுங்கள் என்றார். பத்து நாளும் முடிந்தது. கேப்டன் முன்னிலும் கொழுத்தது. தங்கராஜ் அந்தப் புதுச் சட்டையைப் புது வருஷ ஆராதனைக்குப் போட்டுக்கொண்டு வந்தான். என் கணவரும் கடைசியில் நாய்க்கு ஊசி போட்டுவிட்டு வந்தார், நான் கூடவே போனதால். அந்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டு முதல் பலகாரத் தட்டு மாஷிமாவுக்குத்தான் போகும்.

என் எரிச்சல் முழுவதும் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மண்ணெண்ணெய் வரிசையில் இன்றும் முணுமுணுப்பேன். ஆனால் எனக்குப் பிடிக்காத வேலை ஒன்று வந்து நிற்கும்போது அதன் மேல் பாய்வதற்கு முன்னால் கொஞ்சம் நிற்கப் பழகியிருக்கிறேன். சட்டை எடுத்துவரச் சொன்னபோது அந்த வேலை என்ற முகமூடிக்குள் இருந்தது யார் என்று எனக்குத் தெரியவில்லையே.

அடுத்த வருஷமும் தங்கராஜ்தான் தாத்தா. அங்கியை இரண்டு நாள் வெயிலில் உலர்த்தினான். படியேறி வந்ததும் முகமூடியைக் கழற்றிவிட்டு, "கேப்டன், நான்தாம்ல" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது என்னைப் போலக் கோபத்தில் ஆண்டவரைக் கடித்துக் குதறியிருந்தால், அதற்காக வெட்கப்பட்டு எங்கேயோ ஓடி ஒளிய வேண்டாம். நேராக அவருடைய வாசலுக்கே போங்கள். கதவு பூட்டியிருக்கிறதா? பரவாயில்லை, கேப்டன் மாதிரி அங்கேயே படுத்துக்கிடங்கள். உங்களைத் தேடி யாரையாவது அவர் சட்டை எடுக்க அனுப்புவார்.