பகா எண்காரி

கம்பெனி பஸ் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றால் மாரிசெல்வி ஜன்னலைத் திறந்துவிடுவாள். காற்றுக்காக அல்ல, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்களின் முதுகில் எழுதியிருக்கும் ஏழு இலக்க எண்களுக்காக. மூன்றால் போகுமா, ஏழால் போகுமா என்று உதட்டுக்குள்ளேயே வகுத்துப் பார்ப்பாள். வகுபட்டுவிட்டால் முகம் சுருங்கிப்போகும். எதற்கும் மசியாமல் மீதி நின்றால், பக்கத்தில் தூங்குகிறவளை இடித்து எழுப்பிச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. பிளஸ் டூவில் கணக்கில் வாங்கிய மார்க்கைக் கேட்காமலே சொல்கிற ரகம். கார்களுக்கு ஒயர் கட்டும் லைனில் காண்ட்ராக்ட் வேலை. கழுத்தில் மாட்டும் அட்டையில் அவளுடைய டோக்கன் எண் 104729. ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாத பகா எண். யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. இரண்டில் தொடங்கி முன்னூற்றுப் பதினேழு வரை ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்த்தாள். பஸ்ஸில், டீ இடைவேளையில், கேன்டீன் வரிசையில். அதற்கு மேல் ஏன் பார்க்க வேண்டியதில்லை என்று தங்கியிருக்கும் அறையில் கூட இருந்தவர்களுக்கு விளக்கியபோது அவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

"லட்சத்துக்கு மேல உள்ள நம்பரு. ஒருத்தனாலயும் கூறு போட முடியாதுல்லா" என்று அட்டையைத் துடைத்து மாட்டிக்கொள்வாள்.

போன மாதம் அந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். நிரந்தரம் கேட்கும் தகுதி வந்துவிடக் கூடாதாம். அதற்காக வருடம் நிறைவதற்குள் வேலையை விட்டு நிறுத்தி, கொஞ்ச நாள் தங்கும் அறையில் சும்மா உட்காரவைத்து, புது எண்ணோடு புது ஆளாகச் சேர்ப்பார்கள். பார்த்த வேலையெல்லாம் பார்க்காத வேலையாகிவிடும். இந்த அயோக்கியத்தனத்துக்கு ஆபீஸில் வைத்திருக்கும் பெயர் 'பிரேக்'.

புது எண் 110880. இரண்டிலிருந்து பன்னிரண்டு வரை எதை வைத்தாலும் மிச்சமில்லாமல் வகுபடும். அதுவும் அபூர்வம்தான், அதைவிடச் சின்ன எந்த எண்ணையும் இத்தனை விதமாக வகுக்க முடியாது. வேறொருத்தி கழுத்தில் தொங்கியிருந்தால் மாரிசெல்வியே கூத்தாடியிருப்பாள். தன் கழுத்தில் தொங்கியபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நம்பர்தானேம்மா, எதுவா இருந்தா இன்னா?" என்றார் காண்ட்ராக்டரின் ஆள் பாண்டுரங்கன்.

"வெறும் நம்பர்தானேன்னா பழசையே குடுங்க அண்ணாச்சி."

அவர் கொடுக்கவில்லை. யார் கேட்டாலும் இங்கே முன்பு வேலை பார்த்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும், மீறினால் இந்த அட்டையும் கிடையாது என்று எல்லோரையும் மிரட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் பயிற்சி வகுப்பு. கண்ணை மூடிக்கொண்டு ஒயர் கட்டுகிறவளுக்கு டேப்பை எந்தக் கையில் பிடிப்பது என்று பாடம் நடந்தது. நடுவில் கம்பெனி அதிகாரி, இந்த லைனில் முன்பு வேலை பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். பாதிப்பேர் பழைய ஆட்கள்தான். கதவோரம் பாண்டுரங்கன் நின்றதால் ஒருத்தரும் அசையவில்லை.

மாரிசெல்வி கையைத் தூக்கினாள்.

அதிகாரி நம்பர் கேட்டார். கழுத்தில் தொங்கிய அட்டையை இடது கையால் திருப்பிப் போட்டாள்.

"ஒண்ணு, சைபர், நாலு, ஏழு, ரெண்டு, ஒம்பது" என்றாள். தூக்கிய கையை இறக்கவில்லை.