பூட்டன் பெயரின் நீளம்

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். லாரியில் கிளீனர், தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறை, மேட்டுப்பாளையத்தில் சோப்பு பேக்கிங் என்று சுற்றிவிட்டுச் சாரம் பகுதியில் ஒரு ஸ்கேனிங் கடைக்கு வந்தேன். ஸ்கேனருக்கும் சுவருக்கும் நடுவில் படுத்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள். அதற்காகத்தான் சேர்ந்தேன். கம்ப்யூட்டரை அங்கேதான் முதலில் தொட்டேன்.

பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து வைப்பது எங்கள் வேலை. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு அலைகிற குடும்பங்கள்தான் பெரும்பாலும் வரும். பெயரில் ஓரெழுத்து பிசகினாலும் அங்கே கேஸ் வருஷக்கணக்கில் நிற்கும். அதனால் முதலாளி ஒரு முறை வைத்திருந்தார். பூட்டன் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் பாட்டன், அதற்குள் அப்பன், அதற்குள் மகன். எல்லாம் பிறப்புப் பதிவேட்டில் உள்ளபடி முழுப் பெயர். கடைசி ஃபோல்டரில்தான் பத்திரங்கள் இருக்கும், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு.

அன்று காலை பத்தரை மணிக்கு ஒரு அக்கா வந்தார். அரியாங்குப்பத்தில் தையல் வேலை செய்பவர். பாட்டன் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். தம்பி பாரிஸ் பக்கம் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

"அந்த மூணாம் நம்பர் தாள எடுத்துக் குடு தம்பி. பன்னெண்டு மணிக்குள்ள நம்பரும் தேதியும் கான்சுலேட்ல எழுதிக் குடுக்கணுமாம். இல்லன்னா அவன் கேஸ மூடிட்டு, பிளேன்ல ஏத்தி இங்க அனுப்பிடுவாங்களாம்."

மூன்றாம் தாள் அவர் பூட்டன் ரெனோன்சான் ஆன பத்திரம். சாதி வழக்கச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கீழே வருகிறேன் என்று எழுதிக் கொடுத்து, புதிதாக ஒரு குடும்பப் பெயரும் எடுத்துக்கொண்டவர்களை இங்கே அப்படிச் சொல்வார்கள். அசல் தாள் மழை ஒழுக்கில் பெட்டிக்குள்ளேயே கூழாகிவிட்டது. சிடியில் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தோம், போடவில்லை. எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது மட்டும்தான் மிச்சம்.

ஃபோல்டர்களைத் திறந்துகொண்டே போய் மூன்றைத் தட்டினேன். அப்படி ஒரு கோப்பு இல்லை என்றது. கண்ணெதிரே இருந்தது. காப்பி எடுக்கப் பார்த்தேன். பெயர் தவறு, அல்லது மிக நீளம் என்றது. பெயரே ஒரு இலக்கம்தான். அதை எங்கே குறைப்பது? பெயரை மாற்றவும் விடவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். இன்னொரு குடும்பத்தின் ஃபோல்டர் திறந்தது. இது திறக்கவில்லை. அதற்குள் மணி பதினொன்றே கால். முதலாளி விழுப்புரம் போயிருந்தார், போனை எடுக்கவில்லை.

"போச்சா?" என்றார் அக்கா.

"இருக்குக்கா. தெரியுது. தொறக்க மாட்டேங்குது."

"தெரியறத வெச்சி நான் இன்னா பண்றது?"

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றார். எனக்கு ஓடிவிடலாம் என்றிருந்தது. ஓடுவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் வாசலை மறித்து அவர் நின்றார்.

எங்கள் கம்ப்யூட்டரை ரிப்பேர் பார்க்கிறவருக்குப் போன் போட்டேன்.

"யோவ், கோப்புப் பேர மட்டுமா பாக்கற? சி டிரைவ்லேர்ந்து வரிசையா எல்லா ஃபோல்டர் பேரையும் சேத்து எண்ணுய்யா. இருநூத்தி அறுவதத் தாண்டினா விண்டோஸ் கை விரிச்சிடும். பேரா வெக்கிறீங்க நீங்க, கூட்ஸ் வண்டி வுடறீங்க."

"முன்ன தொறந்துச்சிண்ணே."

"அப்ப மேல எவனோ பேர நீட்டிருக்கான். உள்ள இருக்கறதுக்கு வழி அடைஞ்சி போச்சி. மேலயே வெட்டு."

நீட்டியது நான்தான். பத்து நாளைக்கு முன்னால் இதே அக்கா திரையைப் பார்த்துவிட்டு, பூட்டனுக்குப் பதிவேட்டில் உள்ள மொட்டைப் பெயர் மட்டும் போட்டிருக்கிறதே என்று வருத்தப்பட்டார். பூட்டன் எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர், ரெனோன்சான் என்ற சொல், பிறந்த ஊரின் கொம்யூன் எல்லாம் அக்கா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் ஃபோல்டர் பெயரோடு சேர்த்துத் தட்டினேன். அவர் போன பிறகு உள்ளே திறந்து பார்க்கவில்லை.

போனை வைத்துவிட்டு அதை அக்காவிடம் சொன்னேன். மேல் ஃபோல்டரில் பூட்டன் பெயரை எடுத்துவிட்டு ஒரு இலக்கம் போட வேண்டும் என்றும் சொன்னேன்.

அவர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் தம்பி. பேர்ல ஒரு எழுத்து கொறஞ்சதுக்கே எங்க அப்பா ஆறு வருசம் கோர்ட்டுக்கு நடந்தாரு. நீ பேரயே எடுத்தா அந்தத் தாள் செல்லுமா?"

"இது தாள் இல்லக்கா, மேல ஒட்டின சீட்டு."

"அன்னிக்கும் எங்க அப்பாகிட்ட இப்பிடித்தான் சொன்னான், ஆபீஸ்ல இருந்தவன்."

மணி பதினொன்று முப்பத்தைந்து. தாளில் ஒன்றும் மாறாது என்று எனக்கே முழு நிச்சயம் இல்லை. எட்டாவது படித்தவன். தம்பியின் பெயரைச் சொன்னேன், அவன் இங்கே வந்து இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. அவர் கையை எடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அழிக்கிற பொத்தானை அழுத்தி, ஒன்று என்று போட்டேன். மூன்றைத் தட்டினேன்.

தாள் விரிந்தது. கறைகள், முத்திரை, இடது ஓரத்தில் நம்பர். இரண்டு பிரதி எடுத்தேன். மை உலரும் முன்னமே அவர் பிடுங்கி, பூட்டன் பெயரின் மேல் விரலை வைத்து எழுத்தெழுத்தாக நகர்த்திப் படித்தார். நேரமாகிறது என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசி எழுத்து வரை போன பிறகுதான் ஆட்டோவுக்கு ஓடினார்.

மத்தியானம் கடைப் போன் அடித்தது.

"வாங்கிக்கினாங்க. அஞ்சு நிமிசம்தான் இருந்துச்சி." மூச்சு வாங்கினார். "பூட்டன் பேர திருப்பிப் போட்டுட்டியா?"

போட்டால் மறுபடி அடைத்துக்கொள்ளும். "போட்டுட்டேன்க்கா" என்றேன்.

"எங்க, படி."

மேஜையில் இருந்த இரண்டாவது பிரதியை இழுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்த பூட்டன் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினேன்.

"நில்லு. ஒரு எழுத்த வுட்டுட்ட. அங்க ரெண்டு எல்" என்றார்.