ஐரிஷ்காரரின் மைதானத்தில் மாமா

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேலை. அதனால் என்னை அஜின்கோர்ட்டில் இருந்த மாமா வீட்டில் விட்டுவிடுவார்கள். மாமா என்னையும் மாமியையும் காரில் ஏற்றிக்கொண்டு மிசிசாகா நகர மைதானம் ஒன்றுக்குப் போவார். தொண்ணூறுகளில் மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் அந்த நேரம் நடன வகுப்பில் இருந்தார்கள். நான் ஐரிஷ்காரர்கள் சண்டை பிடிப்பதைப் பார்க்கப் போனேன்.

அது சண்டை இல்லை, கேலிக் புட்போல் என்ற அவர்களுடைய ஊர் விளையாட்டு என்று மாமா திருத்துவார். பந்தைக் காலால் உதைக்கலாம், கையில் பிடித்துக்கொண்டும் ஓடலாம். மாமா யாழ்ப்பாணத்தில் சாதாரண உதைபந்தாட்டத்துக்கு நடுவராக இருந்தவர். இங்கே அவர் வேலை செய்த ஜன்னல் தொழிற்சாலையின் சூப்பவைசர் ஓர் ஐரிஷ்காரர். ஊர்க்காரர்களைச் சேர்த்து ஓர் அணி நடத்தினார். எந்த ஐரிஷ்காரர் விசில் ஊதினாலும் அவர் எதிரணியின் ஊர்க்காரர் என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களாம். மாமாவை அப்படிச் சொல்ல வழியே இல்லை. அந்தத் தகுதியில்தான் சூப்பவைசர் அவரை நடுவராகப் பிடித்துவந்தார். மாமாவோ விதிகள் முழுவதையும் தேவாரம்போலப் பாடமாக்கிவிட்டார்.

ஒரு வருடம் சூப்பவைசரின் அணி இறுதியாட்டத்துக்கு வந்தது. மாமாதான் நடுவர்.

"சுகமில்லை எண்டு சொல்லி வீட்டிலை நில்லுங்கோவன்" என்றார் மாமி, காலையிலேயே.

"பின்னை ஆர் ஊதுறது?" என்று கேட்டபடி மாமா சப்பாத்துக் கயிற்றை இறுக்கினார்.

ஆட்டம் முடியப்போகிற நேரம், சூப்பவைசரின் மகன் பந்தோடு பாய்ந்துபோய் கோல் அடித்தான். வென்றாயிற்று என்று அவர்கள் பக்கம் துள்ளியது. ஆனால் மாமாவின் விசில் அதற்கு முன்பே ஒலித்துவிட்டது. நிலத்தில் கிடக்கும் பந்தைக் கால் நுனியால் கிளப்பித்தான் கையில் எடுக்க வேண்டும். அவன் அவசரத்தில் குனிந்து நேரே அள்ளியிருந்தான்.

சூப்பவைசர் எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். அவர் கத்தியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பாதியை வீட்டில் சொல்லக்கூடாது. மாமா அவருடைய தோள் உயரம்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு, வெளியே போகலாம் என்று கோட்டைக் காட்டினார். சனத்துக்குள்ளிருந்து ஒருவன், உன் நாட்டுக்கே போ என்றான்.

எனக்குப் பக்கத்தில் மடக்குக் கதிரை சரிந்து விழுந்தது. மாமி எழும்பியிருந்தார். அந்த விளையாட்டில் மாமிக்கு ஒரு விதிகூடத் தெரியாது.

"அவர் சொன்னாச் சொன்னதுதான்! வாயை மூடிக்கொண்டு விளையாடுங்கோடா!"

ஒருவருக்கும் தமிழ் விளங்கவில்லை. எல்லோரும் அடங்கிவிட்டார்கள். நானும் எழும்பி, "தட்ஸ் மை மாமா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

சூப்பவைசரின் அணி தோற்றது. அவர் கனநாள் மாமாவோடு கதைக்கவில்லை. ஆனால் நடுவர்களுக்கெல்லாம் பொறுப்பாக யாரைப் போடுவது என்று அடுத்த வருடம் அணிகள் கூடியபோது, மாமாவின் பெயரைச் சொன்னவரே அவர்தான். அதற்குப் பிறகு பல வருடங்கள் ஆட்டங்களுக்கு நாள் குறித்ததும் பிணக்குகளைத் தீர்த்ததும் மாமா. பெரிய பெரிய ஐரிஷ்காரர்கள் அஜின்கோர்ட்டுக்குப் போன் எடுத்து, மாமா குளித்துவிட்டு வரும்வரை பணிவாகக் காத்திருந்தார்கள்.

அதெல்லாம் பிறகு. அன்று பின்னேரம் காரில் நான் மட்டும்தான் கதைத்துக்கொண்டு வந்தேன். அத்தனை ஆட்களையும் ஒரு விசிலால் நிறுத்திய மாமாவைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் யார் யாருக்குச் சொல்லலாம் என்று எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. தொழிற்சாலையில் அப்போது கிழமைக்குக் கிழமை ஆட்களை வேலையால் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். யாரை நிறுத்துவது என்று முடிவெடுப்பவர் சூப்பவைசர். எனக்கு இது ஒன்றும் தெரியாது.

வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் மாமி இறங்கவில்லை.

"நாளைக்கு வேலைக்குப் போவியளோ?"

"ஓம். போவன்" என்றார் மாமா.

அவ்வளவு ஓடியதில் மாமாவுக்குக் கால் உளைகிறதாக்கும், அதனால்தான் மாமி கேட்கிறார் என்று நான் நினைத்தேன்.