பெல்ட் நீட்டுகிற நோய்

என் கணவர் நெய்வேலி மைன்ஸில் பெல்ட் நீட்டும் வேலை பார்த்தவர். மெஷின் வெட்டிக்கொண்டே முன்னால் நகர நகர, நிலக்கரியை வெளியே கொண்டுவர பெல்ட்டும் கூடவே நீள வேண்டும். அவருடைய எலும்பு மஜ்ஜையில் வந்த ரத்தப் புற்றுநோய் தனக்குச் சாப்பாடு கொண்டுவர புதுப்புது ரத்தக்குழாய்களைக் கூப்பிட்டுக்கொள்கிறது, தான் எழுதித்தரும் மாத்திரை அதையும் தடுக்கும் என்று டாக்டர் சொன்னதும் அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. "அதுவும் பெல்ட் நீட்டிக்கினு போவுது. நிறுத்திட்டா தீந்துச்சு" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. நோயையும் தன் ஷிஃப்டில் சேர்த்துக்கொண்டார்.

நேற்று ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் மூன்று இடத்தில் குத்திப் பார்த்தாள். "நரம்பே கிடைக்கலங்க" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"உள்ள அந்தப் பாழாப்போன நோவுக்கு மட்டும் குழாய் குழாயா முளைக்குது. ஊசி குத்த ஒண்ணு இல்லியா?"

அவள் முகம் சுருங்கியது. அவர் தன் கையை என் மடியில் வைத்தார். சில்லென்றிருந்தது. என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடு ஏறும்வரை தேய்த்தேன். புறங்கையில் பச்சையாக ஒரு நரம்பு மெல்ல எழும்பியது.

"பாத்தியா," என்றார். "நீ கூப்புட்டாலும் வருது."